உப்பில்லாத தட்டு

மஸ்கெலியா பஸ்ஸிலிருந்து இறங்கி, தேயிலைச் சரிவில் ஏறி, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை பொன்னையாவின் வீட்டுக்குக் கிருஷாந்தி வந்தபோது பிற்பகல்தான். ஆனாலும் நீர்த்தேக்கத்திலிருந்து ஏறிய பனி ஜன்னல்களை மூடியிருந்தது. உள்ளே ஈரச் சுவரின் வாடை.

அவள் முதியவர்களைப் பராமரிக்கப் பயிற்சி பெற்றவள். கொழும்பிலிருந்த மகன் போனில் ஒன்றுதான் கேட்டிருந்தான். அப்பாவின் பிரஷரை எப்படியாவது இறக்க வேண்டும். அம்மா நாகலெட்சுமியும் அதே நோயில், வலது கை விழுந்து, அப்பா இப்போது படுத்திருக்கும் கட்டிலில்தான் இறந்தாள்.

பொன்னையாவின் புயத்தில் பட்டியைச் சுற்றி அளந்தாள். இருநூறு.

மாத்திரையை விழுங்கும்வரை நின்று பார்த்தாள். பிறகு உப்பில்லாமல் சோறும் கீரையும் ஆக்கி, ஸ்டூலில் வைத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"செத்தவங்களுக்குத்தான் புள்ள உப்பில்லாம படைப்பாங்க. அத வச்சுக் கூப்பிட்டா அவ வராம இருப்பாளா?"

"ரெண்டு நாள்ல நாக்கு பழகிரும் ஐயா. அடம்பிடிச்சா ஊசிதான்," என்று சிரித்துவிட்டு வெந்நீர் எடுக்கப் போனாள்.

திரும்பியபோது தட்டின் இடது பக்கத்தில் விரல்களால் அள்ளிய பள்ளம்.

பொன்னையாவின் விரல்கள் காய்ந்திருந்தன.

தினமும் அப்படியே. அவர் வாழைப்பழம் தவிர எதையும் தொடவில்லை. சமையலறையில் நின்றால், யாரோ நிதானமாக மெல்லும் சத்தம் கேட்டது. டாக்டர் மாத்திரையைக் கூட்டியும் பிரஷர் இறங்கவில்லை.

ஒரு மாலை அவருடைய கன்னம் புடைத்திருப்பதைக் கண்டு வாயைத் திறக்கச் சொன்னாள். நாக்கின் மேல் கல்லுப்பு. தலையணைக்கடியில் ஒரு பொட்டலம் உப்பு.

"இது வாயில இருக்கிறவரைக்கும் என்னத் தொடமாட்டா," என்று கிசுகிசுத்தார். "எடுத்துராத புள்ள."

அந்த உப்புதான் அவரைக் கொல்கிறது என்று பொறுமையாக விளக்கினாள். வாயைக் கொப்பளிக்க வைத்தாள். பொட்டலத்தை வாசல் கானில் ஓடிய தண்ணீரில் கொட்டினாள்.

பிரஷர் நாளுக்கு நாள் இறங்கியது.

மெல்லும் சத்தம் நாளுக்கு நாள் கூடியது.

ஒருநாள் ஸ்டூலில் வைத்த தட்டு கட்டிலின் மேல், அவருடைய விலாவை ஒட்டி இருந்தது.

அடுத்த நாள் பிரஷர் நூற்று முப்பது. சந்தோஷத்தோடு மகனுக்குப் போனில் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

பொன்னையாவின் வாய் கோணியிருந்தது. வலது கை கட்டிலுக்கு வெளியே செத்துத் தொங்கியது. அதன் மணிக்கட்டைச் சுற்றி ஈரச் சோற்றுப் பருக்கைகள், யாரோ இறுகப் பிடித்ததுபோல, விரல் விரலாக.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்கும் புரியவில்லை. இவ்வளவு நல்ல பிரஷரில் இது வந்திருக்கக் கூடாது என்றார். பொன்னையா கண் திறக்காமல் கிடந்தார். கிருஷாந்தி அவருடைய உடுப்பை மடித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்த சத்தம். பிரஷர் நோயாளிகளுக்கென்று உப்பில்லாமல் ஆக்கியது.

"மிஸ், அத எடுத்துருங்க," என்றாள் திரும்பாமலே.

தாதி தட்டை எட்டிப் பார்த்தாள்.

"ஏன், நல்லாத்தானே சாப்பிட்டிருக்காரு."

இடது பக்கத்தில் பள்ளம்.

பொன்னையாவின் இடது கை சேலைன் ஊசியோடு பலகையில் வைத்துக் கட்டப்பட்டிருந்தது.