பிறகு என்ற பொத்தான்

இன்னும் இருபத்தெட்டு மணி நேரம் இருந்தது. அதற்குள் அந்த அலுவலகத்தின் ஆறு கணினிகளிலும் இயங்குதளத்தை மாற்றிவிட வேண்டும். நாளை மாலை ஆறு மணிக்கு மேல் பழைய இயங்குதளம் ஓடும் எந்தக் கணினியையும் குமாசி நகரத் தலைமையகம் தன் வலையமைப்புக்குள் விடாது. ஐந்து கணினிகளில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆறாவதைத் தன் மடிக்கணினியிலிருந்து தொடப்போனபோதுதான், அந்த வேலைக்காகத் தலைமையகம் அனுப்பியிருந்த கொனாடு அந்தச் சிறு வரியைப் பார்த்தாள்.

பயன்பாட்டில் உள்ளது.

ஆறாவது கணினி நானாவின் அறையில் இருந்தது. அந்தக் கொக்கோக் கொள்முதல் நிலையம் நானாவுடையது. ஊருக்குத் தலைவரும் அவர்தான்; நானா என்பது அந்தப் பட்டம். அவருடைய பிறந்த பெயரை யாரும் வாயெடுத்துச் சொல்வதில்லை. அறை பூட்டியிருந்தது. கதவின் அடியில் வெளிச்சம் தெரிந்தது.

"நானா உள்ள வேலையா இருக்காரா, மாமே?"

கணக்கு பார்க்கும் மாமே திவா நிமிரவில்லை. "தோட்டத்துக்குப் போயிருக்கார்."

"ஆனா யாரோ அந்தக் கம்ப்யூட்டர்ல..."

"தோட்டத்துக்குப் போயிருக்கார்னு சொன்னேனே, பொண்ணே."

ஒரு தடவைக்கு மேல் எதையும் கேட்கக் கொனாடுவுக்கு வராது. இயற்பியல் பட்டம் வாங்கி மூன்று ஆண்டுகள், நேர்முகத் தேர்வுகளில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, திரும்பித் திரும்பி வந்து, கடைசியாகக் கிடைத்த வேலை இது. அதுவும் தற்காலிகம்.

வெளியே பாலைவனத் தூசியைச் சுமந்துவரும் ஹர்மட்டான் காற்று வீசிக்கொண்டிருந்தது. சன்னலின் கண்ணாடிப் பட்டைகளை எவ்வளவு இறுக்கினாலும் மாவுபோன்ற சாம்பல் தூசி உள்ளே வந்து மேசையிலும் கோப்புகளிலும் கண்ணிமைகளிலும் படிந்தது. அதன் வறண்ட மண்வாசனையோடு கிடங்கு மூட்டைகளின் புளித்த கொக்கோ வாசனையும், அந்தப் பூட்டிய கதவுக்குக் கீழிருந்து மின்விசிறி தள்ளிவிட்ட பன்னீர் வாசனையும் கலந்து, தொண்டையில் ஒரு படலமாக ஒட்டிக்கொண்டன.

மாமே திவாவே பேச்சை மாற்றினாள். "இந்தப் பெட்டிகளுக்கு என்னதான் வியாதி?"

"வயசாயிடுச்சு, மாமே."

"எனக்குந்தான் ஆயிடுச்சு. என்னையும் மாத்திடுவியா?"

வாசலில் நின்ற காவலாளி இத்ரீசு சிரித்தான். வடக்கத்திக்காரன். "உன்ன மாத்த இந்த ஊர்ல கரண்டு பத்தாது, மாமே."

"வாய மூடு, ஆட்டுத்தலையா. ஏம்மா, நாளைக்கு அப்புறம் இதெல்லாம் ஓடாதா?"

"ஓடும். ஆனா இனிமே யாரும் கவனிக்க மாட்டாங்க. அது கேக்கறதுக்குப் பதில் வராது. அதுபாட்டுக்கு ஓடிட்டே இருக்கும்."

மாமே திவாவின் சிரிப்பு அணைந்தது. இத்ரீசு தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

கொனாடு ஆறாவது கணினிக்கு வழக்கமான அறிவிப்பை அனுப்பினாள். 'இந்தக் கணினி புதுப்பிக்கப்பட வேண்டும். இப்போது? பிறகு?' அந்தப் பக்கம் யாராவது அழுத்தினால்தான் வேலை தொடங்கும். ஆள் இல்லாவிட்டால் அறிவிப்பு அப்படியே கிடக்கும்.

ஒரு நொடி. இரண்டு.

பிறகு.

அவள் கதவைப் பார்த்தாள். மறுபடி அனுப்பினாள். பிறகு. கால் மணி கழித்து, பிறகு. மின்விசிறியின் கறக் கறக் சத்தத்துக்கு நடுவே சாவிப்பலகை தட்டப்படும் ஒலி கேட்கிறதா என்று காதைத் தீட்டினாள். கேட்பதுபோல இருந்தது. காற்றில் ஏதோ ஓலை ஆடுவதுபோலவும் இருந்தது.

மறுநாள் மதியம் நானாவின் வீட்டிலிருந்து ஒரு பெண் வெள்ளைத் துணி மூடிய தட்டைத் தலையில் சுமந்து வந்தாள். இடித்துப் பிசைந்த ஃபுஃபு உருண்டையும் ஆட்டுக்கறிச் சாறும். கை கழுவ ஒரு கிண்ணம் தண்ணீர். கதவுக்கு முன்னால் செருப்பைக் கழற்றி, தோள்துணியை இறக்கி, முழங்கால் மடித்து, "நானா, சாப்பாடு" என்றாள். இத்ரீசு பூட்டைத் திறந்தான். தட்டு உள்ளே போனது. பூட்டு விழுந்தது. கிடங்கில் எடை போட நின்ற விவசாயிகள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத் தலை தாழ்த்திவிட்டு நகர்ந்தார்கள்.

தோட்டத்துக்குப் போனவருக்கு.

கொஞ்ச நேரத்தில் தட்டு வெளியே வந்தது. ஃபுஃபுவில் விரல் படவில்லை. சாற்றின்மேல் கொழுப்பு ஆடை கட்டியிருந்தது. ஆனால் கை கழுவும் கிண்ணத்துத் தண்ணீர் கலங்கியிருந்தது. சாம்பல் நிறத்தில்.

அப்போதுதான் கொனாடுவுக்கு விளங்கியது. அந்த ஊர்க்காரர்களைப் போல அவளும் அசாந்தி இனத்துப் பெண்தான். தலைவர் ஒருவருக்கு அப்படி நேர்ந்தால், பெரியவர்கள் கூடி நாள் குறித்து வெளியே சொல்லும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. வாரக்கணக்கில் ஆகலாம், மாதக்கணக்கிலும். அதுவரை அவருக்குச் சோறு போகும். விளக்கு எரியும். தோட்டத்துக்குப் போயிருக்கிறார் என்பார்கள். அந்தக் காலத்தில் தலைவரைத் தனியாக அனுப்ப மாட்டார்களாம், துணைக்கு ஓர் ஆளும் போக வேண்டுமாம். அவள் மாமே திவாவைப் பார்த்தாள். மாமே திவா தன் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

கொனாடு சொல்லவில்லை. மனத்துக்குள்கூட அந்தச் சொல்லை எடுக்கவில்லை.

தொலைபேசி அடித்தது. குமாசியிலிருந்து அவள் மேலாளர் போச்வே.

"ஆறாவது?"

"அது... உள்ள ஆள் இருக்காங்க, பாஸ்."

"வெளிய வரச்சொல்லு."

"பாஸ், வயர புடுங்கிடலாமா?"

"பைத்தியமா உனக்கு? இந்த சீசன் எடைக்கணக்கு பூரா அந்த ஒரு பெட்டியிலதான் இருக்கு. அழிஞ்சா அத்தனை விவசாயிக்கும் நீ பதில் சொல்வியா? முறையா பண்ணு. வாயத் திறந்து கேளு, கொனாடு. ஆறு மணிக்குள்ள முடியலன்னா நாளைக்கு ஆபீஸ் பக்கம் வராத."

மூன்று மணிக்குமேல் தூசி இன்னும் கனத்தது. சூரியன் ஒரு வெளிறிய காசுபோலத் தெரிந்து மறைந்தது. பகலிலேயே தெருவில் வண்டிகள் விளக்குப் போட்டு ஊர்ந்தன. பெரியவர்கள் கூடுகிறார்கள் என்று ஆள் வந்து சொல்ல, அலுவலகமே எழுந்து போனது. மாமே திவா கடைசியாக நின்றாள்.

"அந்த ஒண்ண விட்ரும்மா. வீட்டுக்குப் போ."

"என் வேலை போயிடும், மாமே."

மாமே திவா தோள்துணியால் முகத்தை மூடிக்கொண்டு தூசிக்குள் இறங்கினாள்.

கொனாடு இத்ரீசிடம் போய்க் கையை நீட்டினாள். அவன் சாவியை எடுத்தான், கொடுக்கவில்லை.

"காலைல மாமே போய் லைட்டு, ஃபேனு, பெட்டி எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடும், தங்கச்சி. வெளிச்சத்தப் பாத்துட்டு சனங்க போவணும்ல."

"அதுக்கப்புறம் உள்ள யாரு?"

"யாருமில்ல. நான்தானே பூட்டறேன்."

"பொத்தான யாரோ அழுத்தறாங்கண்ணே."

இத்ரீசின் உதடுகள் அசைந்தன. ஏதோ ஓதினான். "எங்க வடக்குல, போனவங்க பக்கத்துல உக்காந்து சொல்லிடுவோம். உனக்கு முடிஞ்சிடுச்சு, போய்ட்டு வான்னு. இவங்க ஊருக்கு மறைக்கறாங்க சரி. அவருகிட்டயுமா மறைக்கறது?" சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தான். "பேசாம போ. பேசாம வா. நான் தொழுதுட்டு வந்துடறேன்."

பூட்டு எளிதாகத் திறந்தது.

உள்ளே பன்னீர் வாசனை. அதற்கு அடியில் பழந்துணியின், நாள்பட்ட தண்ணீரின் வாசனை. கனத்த திரைச்சீலை. கறக் கறக் என்று மின்விசிறி. சாம்பல் தூசி எல்லாவற்றின்மேலும் விரல் ஆழத்துக்குப் படிந்திருந்தது. தொலைபேசியில். பேனாக்களில். சாவிப்பலகையில். அதில் ஒரு விரல் தடமும் இல்லை.

மேசை விளிம்பில் மட்டும் இரண்டு இடங்கள் துடைத்ததுபோல மின்னின. இரண்டு நீள்வட்டங்கள். முன்கைகள் ஊன்றும் இடம்.

நாற்காலியின் இருக்கையிலும் தூசி இல்லை.

போய்விடலாம். கதவு நான்கு எட்டில் இருந்தது. நாளைக் காலை குமாசியில் அம்மா எழுப்புவாள், வேலைக்கு நேரமாகிறது என்று. அவள் எங்கே போவாள்?

நாற்காலியைத் தொடாமல் பக்கத்தில் நின்றாள். திரையில் அவள் அனுப்பிய அறிவிப்பு. கை நீட்டி, தூசியோடு சுட்டியைப் பிடித்து, அம்பை 'இப்போது' மேல் கொண்டுபோனாள்.

அம்பு நகர்ந்தது. அவள் நகர்த்தவில்லை.

பிறகு.

மறுபடி கொண்டுபோனாள். மறுபடி. சுட்டி அவள் கைக்குள் குளிர்ந்துகொண்டே வந்தது. பிறகு. பிறகு.

"நானா," என்றாள். குரல் உடைந்தது. "தயவுசெஞ்சு, நானா. கொஞ்சம் வழி விடுங்க. என் வேலை போயிடும்."

மின்விசிறி நின்றது.

இத்தனை நேரம் சுழன்ற தூசி இறங்கத் தொடங்கியது. மெல்ல. மேசையில் இறங்கியது. தரையில் இறங்கியது. நாற்காலியில், இருக்கைக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தில் இறங்கி நின்றது. ஒரு தோள். மறு தோள். குனிந்த தலையின் வளைவு.

கொனாடு பின்வாங்கப் பார்த்தாள். முடியவில்லை.

மணிக்கட்டில் குளிர். அவள் குனிந்து பார்த்தாள். தூசி படிந்து வெளுத்திருந்த அவள் கையில் ஐந்து இடங்கள் கறுப்பாகத் துலங்கின. நான்கு ஒரு பக்கம். ஒன்று மறுபக்கம்.

திரையில் எழுத்துகள் வந்தன. சாவிப்பலகையில் ஒரு சாவியும் அசையவில்லை.

*கூப்பிட்டால் யாரும் வருவதில்லை.*

இழுத்தாள். பிடி இறுகியது.

*கதவுக்கு வணக்கம் சொல்கிறார்கள். எனக்குச் சொல்வதில்லை.*

"இத்ரீசண்ணே!" சத்தம் வரவில்லை. தொண்டையில் தூசி.

*சோறு வைக்கிறார்கள். கை கழுவுகிறேன். எடுக்க முடியவில்லை.*

எலும்பு நொறுங்குவதுபோல வலித்தது. தூசித் தலை உயர்ந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகம் இல்லை. அது அவள் பக்கம் திரும்பியது. காதைக் கொடுப்பதுபோலச் சாய்ந்தது. அவள் வாயருகே.

*எனக்கு என்ன ஆயிற்று? நீ சொல், பெண்ணே.*

சொல்லக் கூடாது. பெரியவர்கள் சொல்ல வேண்டும். ஊர் சொல்ல வேண்டும். அவள் யார்?

*சொல்.*

விரல்நுனிகள் மரத்துவிட்டன. தோள்வரை குளிர். அவள் அழுதாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுத்தாள்.

"நானா... நீங்க செத்துட்டீங்க."

அம்பு 'இப்போது' மேல் போய் நின்றது. அழுத்தியது. திரை கறுத்தது.

தோள்களிலிருந்து தூசி உதிர்ந்தது. தலை உதிர்ந்தது. நாற்காலி காலியானது.

மணிக்கட்டைப் பிடித்த கை விடவில்லை.