ஏழு கோணல் விலாக்கள்

“இன்னா ஜெனிஃபரு, ஏரோப்ளேனுக்கு ரெக்க செய்றியா, வாழச் சீப்பு செய்றியா?”

வாசலில் நின்று ஏகாம்பரம் சிரித்தார். ஷாரோனுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. சுவரில் மாட்டியிருந்த ஏழு அலுமினியத் துண்டுகளும் வாழைப்பழம் போலத்தான் வளைந்திருந்தன.

ஷாரோனின் அத்தை ஜெனிஃபர், சாலவாக்கத்தில் ஏகாம்பரத்தின் நெல் கொட்டகையில் ஒரு குட்டி விமானம் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் துண்டுகள் இறக்கைக்குள் வைக்கும் விலா எலும்புகள். தகட்டை மர அச்சின் மேல் வைத்து, ஓரத்தை மரச்சுத்தியால் தட்டித் தட்டி மடக்க வேண்டும். அச்சில் இருக்கும்வரை நேராக இருக்கும். கழற்றியதும் முதுகை வளைத்துக்கொள்ளும்.

“அறுப்பு முடிஞ்சிடுச்சும்மா. சாயங்காலம் டிராக்டர் வருது. அதுக்குள்ள ஒண்ணாச்சும் நேரா வந்தா கொட்டா உனுக்கு. இல்லன்னா நெல்லு மூட்டைக்கு.”

அவர் போய்விட்டார். அத்தை பிரியாணி டப்பாவை ஷாரோன் பக்கம் தள்ளினாள்.

“உனுக்கு?”

“பசிக்கல.”

ஷாரோன் கடைசிப் பருக்கை வரை வழித்தாள். டப்பாவின் மூலையில் விரல் தடுக்கியது. சின்னச் சின்ன மடிப்புகள்! நேரான பக்கங்களில் ஒன்றுகூட இல்லை.

இதுவும் அலுமினியம்தானே?

ஒரு மூலையின் மடிப்புகளை ஸ்பூனால் நீவிப் பார்த்தாள். மூலை பிதுங்கி, டப்பாவே கோணிக்கொண்டது.

“அத்தே! வளைவுல ஓரம் மிச்சமாப் பூடுது. அதுக்குப் போக எடமில்ல. அதான் தகட்டையே வளைச்சிடுது!”

“மிச்சத்த வெட்ட முடியாதுடி. ரெக்கத் தகட்ட அந்த ஓரத்துலதான் ஆணி அடிக்கணும்.”

“வெட்டாத. இந்த டப்பா மாதிரி ஓரத்த கிள்ளி மடிப்பு வையி.”

அத்தை டப்பாவைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு மூக்குக் குறடை எடுத்து ஷாரோனிடமே நீட்டினாள்.

“ஆணி அடிக்கிற எடத்த வுட்டுட்டு கிள்ளு. அங்க மட்டும் சமமா இருக்கணும்.”

இருப்பதிலேயே கோணலான விலாவை ஷாரோன் எடுத்தாள். ஒரு கிள்ளு. தரையில் வைத்தாள். நுனி தூக்கிக்கொண்டே நின்றது. இன்னொரு கிள்ளு. கொஞ்சம் இறங்கியது. கை வலித்தது. ஒன்பதாவது கிள்ளில் விலா சிமெண்டுத் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

அத்தை கத்திய கத்தலில் கூரைப் புறாக்கள் பறந்தன.

டிராக்டர் வந்து நின்றபோது நான்கு விலாக்கள் நேராகியிருந்தன. ஏகாம்பரம் குந்தி உட்கார்ந்து, அடியில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பார்த்தார். போகவில்லை. ஒரு நுனியை அழுத்தினார். மறுநுனி எழும்பவில்லை.

“டேய், வண்டிய திருப்பு! மூட்டைய வூட்டு ஹால்ல எறக்கு!”

“ஹால்ல சோபா கீதே, மொதலாளி?”

“சோபாவ தெருவுல போடு!”

டிராக்டர் போன பிறகும் அவர் நகரவில்லை. மீதி மூன்று விலாக்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். மெல்லக் கையை நீட்டினார்.

“அந்தக் குறட இப்டிக் குடு பாப்பா. ஒண்ணு நான் கிள்றேன்.”

“கிள்ளுங்க மாமா,” என்றாள் ஷாரோன். “ஆனா, ஆணி எடத்த வுட்டுட்டு!”