துண்டுக்குள்ளே பச்சை வெளிச்சம்

அவள் அவனுக்குத் தர வேண்டிய கடன் இரண்டாயிரத்து நானூறு.

கைநீட்டி வாங்கிய கடன் இல்லை அது. மழையில் வந்து ஒட்டிக்கொண்ட கடன்.

அன்று சாயங்காலம் தையற்கூடம் விட்டு சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். முகத்தில் அறைகிற மழை. திருப்பத்தில் பிரேக்கைப் பிடித்தாள்... பிடிக்கவில்லை. முதுகில் கித்தாரும் கையில் ஒரு சின்னப் பெட்டியுமாக நடந்து வந்தவன்மேல் நேராகப் போய் மோதினாள். அவன் கித்தாரைக் காப்பாற்றினான். தன்னையும் எப்படியோ காப்பாற்றிக்கொண்டான். பெட்டி மட்டும் சாலையோரத் தண்ணீரில் போய் விழுந்தது.

"பெல் அடிக்க மாட்டீங்களா?"

"அடிச்சேனே! காதுல என்ன, சிமெண்ட் வச்சு அடைச்சிருக்கா?"

சொன்ன பிறகுதான் கவனித்தாள். அவன் காதோரத்தில் நிஜமாகவே சிமெண்ட் காய்ந்து கிடந்தது. தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவன். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் குனிந்து பெட்டியை எடுத்து, குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல சட்டை நுனியால் துடைத்தான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கண்களில் கோபம் இருந்திருந்தால் அவளும் இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பாள். கோபம் இல்லை. நாளெல்லாம் முட்டி போட்டு வேலை செய்தவனின் அசதி... அதற்கு அடியில் அணையாத ஏதோ ஒன்று. இமையிலிருந்து மழை சொட்டியது. விழுந்து கிடந்த சைக்கிளை நிமிர்த்தக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"என்ன பெட்டி அது?"

"கித்தார் சத்தத்த கம்ப்யூட்டருக்குள்ள அனுப்புற பெட்டி. ஒயர இதுல சொருகி வாசிச்சா அங்க பதிவாகும். இப்பதான் கூட்டாளி வீட்டுல வாசிச்சுட்டு வர்றேன். இனிமே எப்படியோ..."

"கெட்டுப்போயிருந்தா சொல்லுங்க. காசு குடுத்துடுறேன்."

"பரவால்லங்க."

"பரவால்லன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்? இடிச்சது நான்! வீடு எங்கன்னு சொல்லுங்க, வந்து விசாரிக்கிறேன்."

பெட்டி கெட்டுப்போனதாகத்தான் தெரிந்தது. நன்றாகக் காயவைத்து, ஒயரைச் சொருகி எவ்வளவு வாசித்தாலும் கம்ப்யூட்டருக்குள் ஒரு சத்தமும் போகவில்லை. வாங்கிய கடையில் திறந்துகூடப் பார்க்காமல் ரிப்பேருக்கு இரண்டாயிரத்து நானூறு என்றார்கள். அவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், வாரம் இருநூறாக அடைக்கிறேன் என்று சனிக்கிழமை மத்தியானம் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றாள் அவள்.

அவனுடைய அண்ணி அன்றைக்கே பெயர் வைத்துவிட்டாள். "தம்பி, உன் தவணைக்காரி வந்திருக்கா பாரு!"

இரண்டாவது சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. உடனே கிளம்ப முடியவில்லை. அண்ணி டீயைக் கையில் கொடுத்து உட்காரவைத்தாள். அண்ணனும் தம்பியும் வாசலிலேயே டைல்ஸ் அறுக்கிறவர்கள் என்பதால் அந்த வீட்டில் சோற்றுத் தட்டு வரைக்கும் தூசி. அதனால் பெட்டியை ஒரு பழைய துண்டில் இறுக்கிச் சுற்றி வைத்திருந்தான் அவன். ஒயர்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. துண்டுக்குள் கையை விட்டுத் தடவித் தடவித்தான் சத்தத்தைக் கூட்டும் திருகைத் திருப்பினான்.

"இதுக்கு ஜலதோஷமா? இப்படிப் போத்தி வச்சிருக்கீங்க?"

"ஒருதடவ தண்ணியில விழுந்தது போதும்ங்க. இனிமே தூசியும் படக்கூடாது."

கித்தாரை மீட்டினான். திரையில் கோடு படுத்தே கிடந்தது. "பாத்தீங்களா... மூச்சே இல்ல."

அவள் திரையைப் பார்க்கவில்லை. சிமெண்டில் வெடித்துப்போன அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதோட எப்படி வாசிக்கிறீங்க? வலிக்காது?"

"வாசிக்கிறப்ப வலிக்காது. நிறுத்தினாதான் வலிக்கும்."

மழை இருட்டில் அறை மங்கிக் கிடந்தது. அவன் மறுபடி மீட்டினான். அப்போதுதான் அவள் கண்டாள். துண்டுக்குள் பச்சையாக ஒரு பொட்டு வெளிச்சம். அவன் மீட்டினால் எரிந்தது. நிறுத்தினால் அணைந்தது. மீட்டினான்... எரிந்தது. எந்தத் துணியில் எவ்வளவு வெளிச்சம் கசியும் என்று தையற்காரிக்கா தெரியாது? கம்ப்யூட்டரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் வாசித்தால் விழிக்கிறது, நிறுத்தினால் தூங்குகிறது என்றால் அது செத்த பெட்டி இல்லை.

சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

பெட்டி நன்றாயிருந்தால் கடன் இல்லை. கடன் இல்லையென்றால் தவணை இல்லை. தவணை இல்லாவிட்டால் எந்த முகத்தோடு இந்த வாசலுக்கு வருவது?

அடுத்த வாரம் சொல்லிவிடலாம்...

அடுத்த வாரமும் வந்தது. அதற்கடுத்ததும். அவன் ஒயரை மாற்றிப் பார்த்தான். கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டான். பதிவு செய்கிற சாப்ட்வேரைத் திட்டினான். அவள் டீ குடித்தாள். அவன் வாசித்த மெட்டு அவளோடு சைக்கிளில் ஏறி வீடுவரை வந்தது. தையல் மிஷினை மிதிக்கும்போது காலுக்குள் புகுந்துகொண்டது. சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை மட்டும், விரலில் ஏறிய ஊசி முனைபோல உள்ளேயே உறுத்தியது.

ஆறாவது தவணையோடு அவள் வந்த அன்று வாசலில் புது ஆள் ஒருவர் நின்றிருந்தார். அண்ணன் அவரிடம் விலை பேசிக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணி, யாரு இவரு?"

"பெட்டிய வாங்க வந்திருக்காரு. உள்ளே இருக்குற சாமான் உதவுமாம். பாட்டுக்குழு ஒண்ணு கித்தாருக்கு ஆள் எடுக்குது. நாளைக்குள்ள ஒரு பாட்டு பதிஞ்சு அனுப்பணுமாம். பெட்டியே ஊமையா கிடக்கு, எதை அனுப்புறது? வித்துத் தலைமுழுகுடான்னுட்டாரு எங்க வீட்டுக்காரரு."

உள்ளே அவன் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அந்த முதுகைப் பார்த்ததும் அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். என்னால் வந்தது இது. இத்தனை வாரம் வாயைக் கட்டிக்கொண்டு இவனுடைய பாட்டையே திருடியிருக்கிறேன். இப்போது சொன்னால்... தெரிந்தேதான் வந்தாயா என்று கேட்பான். காறித் துப்பினாலும் துப்புவான்.

அண்ணன் பெட்டிமேல் கை வைத்தான். "டேய், ஒயரைப் பிடுங்கு."

"பிடுங்காதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. நீங்க துண்ட எடுத்துட்டு வாசிங்க."

அவன் புரியாமல் துண்டை உருவினான். ஒருமுறை மீட்டினான். திருகுக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"பாத்தீங்களா? பெட்டிக்குக் காது கேக்குது. கம்ப்யூட்டருக்குத்தான் கேக்கல!"

அவன் விளக்கையே பார்த்தான். பெட்டியில் இருந்த இரண்டு ஓட்டைகளையும் பார்த்தான். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டான்.

"அட, நான் ஒரு மடையன்! முன்னாடியெல்லாம் ரெண்டாவது ஓட்டையிலதான் சொருகுவேன். அதுல தண்ணி ஏறியிருக்கும்னு பயந்து முதலாவதுல சொருகினேன். கம்ப்யூட்டர்கிட்ட யாரு சொன்னது? அது இன்னும் ரெண்டாவதுலயே காத வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு!"

திரையில் தேடினான். இன்புட் இரண்டு என்று இருந்ததை ஒன்று என்று மாற்றினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு மீட்டினான்.

படுத்துக் கிடந்த கோடு துள்ளி எழுந்தது!

"டேய்! வருதுடா!" என்று கத்தியது, விற்கப் பார்த்த அதே அண்ணன்தான். வாங்க வந்தவரும் போக மனமில்லாமல் நிலைப்படியில் சாய்ந்துகொண்டார். அண்ணி கரண்டியோடு ஓடி வந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு அந்த மெட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் வாசித்தான். திருப்பிப் போட்டார்கள். கம்ப்யூட்டருக்குள்ளிருந்து அவன் கித்தார் அறை முழுக்க நிறைந்து, வாசலில் குவிந்திருந்த டைல்ஸ் துண்டுகள் வரைக்கும் போய் மோதியது. அனுப்பியாயிற்று.

எல்லோரும் கலைந்ததும் அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாவது தவணைலேர்ந்து."

"அப்புறம் ஏன் சொல்லல?"

வெளியே தூறல் ஆரம்பித்தது. புடவை முந்தானையை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"சொல்லியிருந்தா... மூணாவது தவணைக்கு நான் எப்படி வர்றது?"

அவன் கித்தார் உறையின் பையில் கையைவிட்டு ஐந்து தவணைப் பணத்தையும் எடுத்தான். ஒன்றையும் செலவழிக்கவில்லை.

"வாரா வாரம் இத எண்ணும்போது எனக்கு பயமா இருக்கும். முழுசா சேந்துட்டா நீங்க வரமாட்டீங்களேன்னு..."

அவள் நிமிர்ந்தாள். மழையில் முதல்நாள் பார்த்த அதே கண்கள். இப்போது அதில் அசதி இல்லை.

"இப்ப நான்தான் கடன்காரன். வாரம் இருநூறா திருப்பித் தர்றேன். உங்க வீட்டு வாசலுக்கே வந்து."

"வேணாம். மொத்தமா குடுங்க."

அவன் முகம் விழுந்துவிட்டது. அவள் பணத்தை வாங்கி, எண்ணிப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"கணக்கு தீந்துது. நீங்களும் எனக்குத் தர வேண்டாம், நானும் உங்களுக்குத் தர வேண்டாம். இனிமே பாக்கணும்னா பாக்கணும்னே வரணும். சனிக்கிழமை வரைக்கும் யாரு காத்திருக்கறது? நாளைக்கே வாங்க. அப்பா வீட்டுலதான் இருப்பாரு."

அடுப்படியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "ஏய் தவணைக்காரி! கடனும் தீந்துடுச்சு. இனிமே உன்ன நான் என்னன்னு கூப்பிடுறதாம்?"

அவள் வாசலுக்கு வந்து சைக்கிளை நிமிர்த்தி, பெல்லை நன்றாக, நீளமாக அடித்தாள்.

"ஓரகத்தின்னு கூப்பிடுங்க அண்ணி. நானா வேணாங்கப்போறேன்?"