போக மூணு மணி, வர ஒன்பது மணி

"போகும்போது மூணு மணி நேரம், வரும்போது ஒன்பதா? நடுவுல ஆறு மணி நேரம் எவன் வீட்டுல இருந்தேடி?"

மாமியார் சியோம்புவா போட்ட சத்தத்தில் பட்டியிலிருந்த ஆடுகள் மிரண்டன. அடுப்பில் சோளமும் பயறும் கிண்டிக்கொண்டிருந்த கவாத்தா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

நாத்தனார் முவேனி நாலு வருஷத்துக்கு முன்னால் மேற்கே கானா நாட்டு அக்ராக்காரன் ஒருவனோடு போய்விட்டவள். பெண் எடுக்க முறைப்படி மூன்று ஆடு கொடுக்காதவன் மருமகனே இல்லை என்று மகளையும் தலைமுழுகிவிட்டாள் சியோம்புவா. போன மாதம் முவேனிக்கு வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பார்த்துக்கொள்ள ஓடியவள் கவாத்தாதான்.

நைரோபியில் காலை ஒன்பதுக்கு விமானம் ஏறினாள்; பன்னிரண்டுக்கு வந்துவிட்டாள் என்று முவேனி சேதி அனுப்பினாள். நேற்று அங்கே எட்டுக்கு ஏறியவள் பதினொன்றுக்கு வரவேண்டுமல்லவா? சாயங்காலம் ஐந்துக்கு வந்தாள்! அதுவரை விமான நிலையத்தில் நின்ற புருஷன் முல்வா, அப்புறம் அவள் முகத்தையே பார்க்கவில்லை.

"உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திரிக்கல அத்தை... ரெண்டு தடவை சாப்பாடு குடுத்தாங்க... தூங்கினேன்... எனக்கே புரியலையே!"

நடுவில் எங்கேயோ இறங்கிவிட்டு மறந்துபோனோமோ என்று அவளுக்கே தலை சுற்றியது.

"நடிக்காதே! முல்வா, இன்னைக்கே இவளை அப்பன் வீட்டுல விட்டுட்டு வா."

முல்வா தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "முவேனியை ஒரு வார்த்தை கேட்டுடலாம்மா..."

"போடு! நானே கேக்கறேன்." முல்வா ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்ட போனை ஆத்திரத்தில் பிடுங்கினாள் கிழவி. "ஏய், உன் அண்ணியை எத்தனை மணிக்குடி ஏத்திவிட்டே?"

முவேனி தூக்கக் குரலில் பதறினாள்.

"அம்மா...? நீயா பேசறே? விடியறதுக்கு முன்னாடி கூப்பிடறியே, யாருக்கு என்னம்மா ஆச்சு?"

"விடியலையா? மணி எட்டரை, வெயில் சுள்ளுனு அடிக்குதுடி!"

"இங்க அஞ்சரைதாம்மா. உங்களுக்கு மூணு மணி நேரம் கழிச்சுதான் எங்களுக்கு விடியும்... அண்ணி நல்லபடியா வந்தாங்களா? டிக்கெட்டுக்காகத் தையல் மெஷினை வித்துட்டு வந்தாங்கம்மா. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க..."

பழுது பார்க்கக் கொடுத்திருப்பதாகக் கவாத்தா சொன்ன மெஷின்!

முல்வா விரல்விட்டு எண்ணினான், தலையை ஆட்டினான், மறுபடி எண்ணினான். "போகும்போது மூணைக் கூட்டணும்... வரும்போது மூணைக் கழிக்கணும்... ரெண்டு பக்கமும் ஆறுதாம்மா! ஐயோ கவாத்தா, நான் ஒரு மடையன்!"

சியோம்புவா மகன் பக்கம் திரும்பினாள். "ஆறு மணி நேரந்தானாடா? வெறும் ஆறு மணி நேரத் தூரத்துல இருக்கற பொண்ணையா நாலு வருஷம் பார்க்காம இருந்தேன்!"

மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "என் வாயில மண்ணு விழ! நான் போகவேண்டிய இடத்துக்கு நீ போனேடி... உன்னைப் போய்..."

"அழாதீங்க அத்தை..." என்ற கவாத்தாதான் தேம்பித் தேம்பி அழுதாள்.

போனை யாரும் அணைக்கவில்லை. அங்கே குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது.

"ஆடும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். புள்ளை முகத்தை எப்போடி காட்டுவே?" என்றாள் கிழவி.

"கொஞ்சம் இரும்மா," என்றாள் முவேனி. "இப்பதான் இங்க விடியுது."