வடக்குச் சுவரில் இருப்பவள்

1868, நவம்பர். இங்கிலாந்தில் சஃபோக் பக்கத்துச் சிற்றூர்த் தேவாலயத்துக்கு உளியும் சுத்தியலுமாகப் போய்ச் சேர்ந்தேன். கல் மண்டபத்தில் ஈரமும் பழைய மெழுகும் மணந்தன. லண்டனிலிருந்து வந்த கட்டட வல்லுநர் லாசெல்ஸ், பீடத்துக்கு வடக்கேயிருந்த சுவரைக் கைத்தடியால் தட்டினார்.

“இத இடிச்சுடு, கேரட்,” என்றார் என்னிடம். “இங்கதான் புது ஆர்கன் வாத்தியம் வரப்போகுது.”

அந்தக் கனத்த சுவரில், மண்டியிட்டால் கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில், கையகலத் துவாரம் ஒன்று இருந்தது. கோயிலைப் பெருக்கும் கெசையா துடைப்பத்தோடு குறுக்கே வந்து நின்றாள்.

“உள்ள ஆள் இருக்குங்கய்யா.”

“எத்தன நாளா?” லாசெல்ஸ் சிரித்தார்.

“நானூறு வருஷமா. ஜெபம் பண்ணணும்னு அவளாவே உள்ள போயி வாசல அடைக்கச் சொன்னவ. பீடத்தப் பாக்கத்தான் இந்தத் துவாரம். செத்தாலும் வெளிய வரமாட்டேன்னு சத்தியம் பண்ணினவள வெளிய தள்ள நீங்க யாரு?”

“வரைபடத்துல அறையே இல்ல. நகரு.”

அவள் நகரவில்லை. எனக்கோ பிழைப்பு போய்விடும் என்ற பயம். அவளைச் சுற்றிக்கொண்டு போய்த் தலையுயரத்தில் முதல் கல்லைப் பெயர்த்தேன்.

உள்ளிருந்து குளிர்ந்த காற்று வரும் என்று நினைத்தேன். வெதுவெதுப்பாக வந்தது.

யாரோ விடும் மூச்சு.

அடுத்த கல்லுக்குச் சுத்தியலை ஓங்கினேன். அதற்குள் உள்ளிருந்து தட்டும் சத்தம்.

“எதிரொலி,” என்றார் லாசெல்ஸ்.

“நான் இன்னும் அடிக்கவே இல்லீங்களே.”

அவர் என்னைத் தள்ளிவிட்டுத் தன் கையை ஓட்டைக்குள் விட்டார். “வெறும் பொந்துதான், பா...”

முகம் வெளுத்தது. இழுத்தார். கை வரவில்லை.

“புடிச்சிருக்கு,” என்று முனகினார்.

கெசையா துவாரத்தில் வாய் வைத்துக் கிசுகிசுத்தாள். “விட்டுடு தாயி. நான் பாத்துக்கறேன்.”

கை வந்தது. மணிக்கட்டில் ஐந்து விரல்களின் சிவப்புத் தடம். வெளியே ஓடிய லாசெல்ஸுக்குக் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டியதும் வீராப்பு திரும்பிவிட்டது. “சாயங்காலத்துக்குள்ள நாலு பேரோட வர்றேன்!” என்று கத்தினார்.

கெசையா சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். நான் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

“வேல போயிடுமேய்யா?”

“போகட்டும்.”

மூன்று மணிக்கு நாலு ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள்.

“ரெண்டு பேரும் விலகுங்க!” என்றார் லாசெல்ஸ், வாசலிலேயே நின்று.

“மொதல்ல எங்கள இடிங்க,” என்றேன்.

கடப்பாரைகள் உயர்ந்தன. அப்போது என் முதுகுக்குப் பின்னால் கல்லோடு கல் உரசியது.

மெதுவாக.

எதிரே நின்றவர்களின் கண்கள் எங்கள் தோளுக்கு மேலே நிலைகுத்தின. ஒரு கடப்பாரை விழுந்தது. மற்றவையும் விழுந்தன. நால்வரும் லாசெல்ஸை இடித்துக்கொண்டு ஓடினார்கள். அவர் குதிரை வண்டி போகும் சத்தமும் கேட்டது.

நாங்கள் ஓடவில்லை. திரும்பிப் பார்த்தோம்.

நான் செய்த ஓட்டை வேறொரு கல்லால் அடைபட்டிருந்தது. ஈரச் சாந்து எங்கள் பக்கமாகப் பிதுங்கி வழிந்தது. முப்பது வருடக் கொத்தன் நான், எனக்குத் தெரியும். அந்தக் கல்லை வைத்தவர் சுவருக்கு உள்ளே நின்றுதான் வைத்திருக்க முடியும்.