கடற்பசுவைத் தூங்கவைத்த நீர்நாய்

அன்று காலை அம்மா என் உயரத்தை அளந்து சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நாலடி ஒன்பதே முக்கால்."

"என்னது! போன மாசம் நாலடி ஒன்பதுதானேம்மா? நாடாவைச் சரியாப் பிடி!"

"நாடா சரியாத்தான் இருக்கு. நீதான் பனைமரமாட்டம் வளர்றே."

மற்ற பிள்ளைகள் வளர்ந்தால் சந்தோஷப்படுவார்கள். எனக்கு அழுகை வந்தது. காரணம் பிப்போ.

பிப்போ எங்கள் கிஸ்ஸிமி ஊர்க் கேளிக்கைப் பூங்காவின் நீர்நாய்க்குட்டி. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஊர்வலத்தின் முன்னால் ஆடிக்கொண்டு வரும். உள்ளே ஒரு பிள்ளை புகுந்து ஆடும் அதன் உடுப்பை ஒரே ஒரு அளவில்தான் தைத்திருக்கிறார்கள். நமக்காக உடுப்பை மாற்ற மாட்டார்கள். உடுப்புக்குப் பொருந்தும் பிள்ளையைத்தான் தேடுவார்கள். நாலடி எட்டு அங்குலத்திலிருந்து நாலடி பத்து வரை. ஒரு மயிரிழை கூடினாலும் வெளியே போக வேண்டியதுதான்.

போன வருடம் நான் அரை அங்குலம் குறைவு. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த வருடம் கால் அங்குலம்தான் மிச்சம். அடுத்த வருடத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், நான் எங்கேயோ போய்விடுவேன். எனக்குப் பிப்போ கிடைத்தால் இன்றைக்குக் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் எப்போதுமே கிடையாது.

ஒரு மாதமாக நான் பட்ட பாடு கொஞ்சமா? கால் நீட்டித் தூங்கினால் உயரமாகிவிடுவோம் என்று கெய்லா சொன்னதால் சுருண்டு படுத்தேன். பால் குடிக்க மாட்டேன் என்றேன். "பால் குடிக்கலைன்னா பல்லுதான் கொட்டும், உயரம் குறையாது" என்று அம்மா திட்டினாள். உடுப்பின் தலைக்குள் இருந்தால் சின்ன ஓட்டை வழியாகத்தான் பார்க்க முடியுமாம். அதற்காகத் தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் ஆடிப் பழகினேன். தபால்காரர் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுக் கடிதங்களைத் தூரத்திலிருந்தே வீசிவிட்டுப் போனார்.

கெய்லா பக்கத்து வீடு. என் வகுப்பு, என் உயரம். அவளுக்கும் பிப்போதான் வேண்டும். மற்ற நாட்களில் நாங்கள் உயிர்த்தோழிகள். அன்றைக்குப் பிப்போ ஆடிஷனுக்குப் போன காரில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனோம்.

"கெய்லா, வாழைக்காய் வறுவல் சாப்பிடும்மா. காலையில ஒண்ணும் சாப்பிடலையாமே" என்றாள் அம்மா.

"வேணாம் ஆன்ட்டி. வயித்தைப் பிசையுது."

அவள் பங்கையும் சேர்த்து நான் சாப்பிட்டேன். பூங்காவின் பின்வாசலில் இறங்கியதும் எங்கள் வழக்கப்படி, "ஆசீர்வாதம்மா!" என்றேன்.

"கடவுள் காப்பாத்துவார். நேரா நிக்காதே, கொஞ்சம் கூனிக்கோ!"

பயிற்சி மண்டபத்தில் அறுபது பிள்ளைகள். பெற்றோர் எல்லாரும் வெளியே நடைபாதையில். ஆளுக்கொரு எண்ணை ஊக்கு குத்தி மாட்டினார்கள். எனக்கு நாற்பத்தொன்று, கெய்லாவுக்கு நாற்பத்திரண்டு. காலணியைக் கழற்றச் சொல்லி அளந்தவர் மிஸ் லொரெட்டா. காதில் பென்சில் செருகிய நெட்டையான பெண்மணி. அவர்தான் ஆடிஷனுக்குத் தலைவர். ஒரு வார்த்தை போதுமென்றால் இரண்டாவது வார்த்தை பேச மாட்டார்.

"ஒன்பதே முக்கால். உள்ளே."

அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

முதலில் நடனம். மூன்று முறை சொல்லிக்கொடுத்துவிட்டு ஆடச் சொன்னார்கள். எல்லாரும் வலப்பக்கம் திரும்பியபோது நான் ஒருத்தி மட்டும் இடப்பக்கம் திரும்பினேன். சட்டென்று சிரித்துச் சமாளித்தேன். கெய்லாவோ பம்பரமாகச் சுழன்றாள். பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

அடுத்தது ஊமை நடிப்பு. "ரொட்டியில வெண்ணெய் தடவுங்க. சத்தம் வரக் கூடாது" என்றார் மிஸ் லொரெட்டா. எனக்கு முன்னால் நடித்த பையன் கற்பனை ரொட்டியைக் கடித்து "ம்ம்ம்!" என்றான். அவ்வளவுதான், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்! நான் என் கற்பனை வெண்ணெயை மூக்கில் அப்பிக்கொண்டு, அதை நாக்கால் நக்கப் பார்த்து, எட்டாமல் தவித்தேன். மிஸ் லொரெட்டாவின் உதடு லேசாக அசைந்தது.

கடைசியில் நாலே பேர் மிஞ்சினோம். அதில் நானும் கெய்லாவும்!

"ரெண்டு ரெண்டு பேரா நிஜ உடுப்பு போடணும்" என்றார் மிஸ் லொரெட்டா. "நாற்பத்தொண்ணு, நீ பிப்போ. நாற்பத்திரண்டு, நீ அதோட தோழி, கடற்பசு டூலா. பாதியில மாத்திக்கணும். அப்புறம் தனித்தனியா ஆடிக் காட்டணும்."

பார்வையாளர்கள் பூங்கா ஊழியர்களின் குழந்தைகள். முப்பத்தொரு பேர், எல்லாருக்கும் நாலு வயது.

"அவங்களுக்கு நீங்க உடுப்பு இல்லை, நிஜம். அவங்க முன்னால பேசக் கூடாது. தலையைக் கழட்டக் கூடாது. உள்ளே முடியலைன்னா ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் குறுக்கே வைங்க. டார்னெல் வந்து கூட்டிட்டுப் போவார்." ஓரமாக நின்ற பெரிய உருவம் எங்களைப் பார்த்துக் கையாட்டியது. அவர்தான் டார்னெல்.

கெய்லா என் காதில் கிசுகிசுத்தாள். "கையைத் தூக்கினா அவ்வளவுதான். பேரை அடிச்சிடுவாங்க."

"யாரு சொன்னா?"

"இதுகூடத் தெரியாதா?"

உடுப்புக்குள் போனதும் திக்கென்றது. வாளியெல்லாம் ஒன்றுமே இல்லை! இருட்டு, வெக்கை, போதாததற்குப் பழைய காலுறை நாற்றம் வேறு. பிப்போவின் வாயில் இருந்த வலை வழியாக எதிரே இருப்பது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. டூலா இன்னும் மோசம். உடம்பு முழுக்கப் பஞ்சு மூட்டை.

திரையை விலக்கிக்கொண்டு நாங்கள் வந்ததும் குழந்தைகள் "பிப்போ! டூலா!" என்று கத்தியதில் கூரையே இடிந்திருக்கும். ஒரு குட்டிப் பெண் மட்டும் பயந்து வீறிட்டாள். டார்னெல் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். பாட்டு ஆரம்பித்தது. நான் வாலை ஆட்டினேன்.

திடீரென்று டூலாவின் துடுப்புக் கை என் கையை இறுக்கிப் பிடித்தது.

நடிப்பு என்று நினைத்தேன். பிறகு பிடி தளர்ந்தது. டூலா என்மேல் சாய்ந்தது. திரும்பிப் பார்த்தேன். டூலா வழக்கம்போல வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னாலிருந்து விசும்பல் கேட்டது.

"லிஸ்மாரி... கண்ணு இருட்டுது."

கையைத் தூக்கேண்டி, கையைத் தூக்கு என்று மனசுக்குள் கத்தினேன். அவள் தூக்கத்தான் பார்த்தாள். துடுப்பு கன்னம் வரைதான் வந்தது. கடற்பசுவின் கை குட்டை! தலைக்கு எட்டவே எட்டாது! இதை யாருமே யோசிக்கவில்லையா?

சரி, அவளுக்குப் பதிலாக நான் தூக்கினேன். இரண்டு கையும் தலைக்கு மேல், குறுக்கே. டார்னெல் இல்லை. மிஸ் லொரெட்டா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். குழந்தைகள் மட்டும்தான் பார்த்தார்கள். இது ஏதோ புது ஆட்டம் என்று நினைத்து, முப்பது பேரும் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்கே வைத்துக்கொண்டார்கள்!

ஐயோ, இதுங்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? இங்கேயே தலையைக் கழற்றினால் டூலாவின் தலை பிய்ந்துவிட்டதென்று அலறுவார்கள். கத்தினாலும் அதே கதைதான்.

அப்போதுதான் உறைத்தது. நான் செய்வதையெல்லாம் இவர்கள் செய்கிறார்களே!

நான் கையை விரித்து, உடம்பை வளைத்து, பெரிதாகக் கொட்டாவி விட்டேன். முப்பது கொட்டாவிகள் வந்தன. கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்தேன். முப்பது பேரும் தரையில் சாய்ந்தார்கள். டூலாவைக் காட்டி, வாயில் விரலை வைத்தேன். "ஷ்ஷ்ஷ், டூலாவுக்குத் தூக்கம் வருது" என்று ஒருத்தி மற்றவர்களுக்குச் சொன்னாள். கடைசியாக இரண்டு கையாலும் என் கண்ணை மூடிக்காட்டினேன். எல்லாரும் மூடிக்கொண்டார்கள்.

கண்ணாடி போட்ட ஒரு பையன் மட்டும் விரலிடுக்கில் பார்த்தான். நான் விரலை ஆட்டி மிரட்டினேன். டக்கென்று மூடிக்கொண்டான்.

கெய்லாவைத் தோளில் தாங்கிக்கொண்டு நடந்தேன். திரைக்கு ஏழே அடி. ஏழு மைல் போல இருந்தது. திரைக்குப் பின்னால் போனதும் அவள் முதுகு ஜிப்பை இழுத்து, டூலாவின் தலையைத் தூக்கி எடுத்தேன். கெய்லாவின் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தண்ணி!" என்று கத்த வாயெடுத்தேன். அந்தப் பக்கம் முப்பது பேர் டூலா தூங்குகிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு ஓடி, மூலையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்து வந்தேன்.

குழந்தைகளின் சத்தமே இல்லாததைக் கவனித்து மிஸ் லொரெட்டா திரையை விலக்கினார். அவர் முகம் வெளுத்துப் போனது. ஓடிப்போய் ஈரத்துண்டு கொண்டு வந்து கெய்லாவின் கழுத்தில் வைத்தார். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்று கெய்லா முனகியதும் பழச்சாறு குடிக்கக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் கெய்லாவின் முகம் பழைய நிறத்துக்கு வந்தது.

"ஏம்மா கையைத் தூக்கலை?" என்று மெதுவாகக் கேட்டார்.

கெய்லா துடுப்பைத் தூக்கிக் காட்டினாள். கன்னத்தோடு நின்றது.

மிஸ் லொரெட்டா பக்கத்திலிருந்த பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். "அடக் கடவுளே! நாலு வருஷமா இதைப் போட்டுட்டு இருக்காங்க. எனக்குத் தோணவே இல்லையே!"

"பேரை அடிச்சிடுவீங்களா மிஸ்?" என்று கேட்டாள் கெய்லா.

"கையைத் தூக்கினதுக்காக நான் யாரையும் அனுப்பினதே இல்லை. சாப்பிடாம வந்ததுக்காகத்தான் உன்னைத் திட்டணும்."

நாங்கள் உடுப்பு மாற்றிக்கொள்வதும் தனித்தனியாக ஆடுவதும் அதோடு போயின. குழந்தைகளுக்குச் சாப்பாட்டு நேரம் வந்து அவர்கள் போன பிறகு, மற்ற இருவரும் ஆட வேண்டியிருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் பிப்போவின் உடுப்பைக் கழற்றி மடித்து வைத்தேன். அதன் வாலைக் கடைசியாக ஒருமுறை தடவிப் பார்த்தேன்.

அரை மணி நேரம் கழித்துச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள்.

பிப்போ: 42. டூலா: 41.

நான் மிஸ் லொரெட்டாவிடம் ஓடினேன். "மிஸ், எண்ணு மாறிப்போச்சு."

"மாறலை."

"நான் பிப்போவுக்குத்தானே வந்தேன்!"

"பிப்போ ஆடணும். அவ ஆடறா. நீ இடப்பக்கம் திரும்பறே." வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். பிறகு ஆச்சரியமாக, மேலும் பேசினார். "டூலாவால ஆட முடியாது. நின்ன இடத்துலேயே நின்னு பிள்ளைங்களைக் கட்டிப்போடணும். முப்பது பேரை ஒரு வார்த்தை பேசாம நீ படுக்க வெச்சே. அந்த உடுப்பு அஞ்சடி ரெண்டு வரைக்கும் தாங்கும், நீ நல்லா வளரலாம். டூலாவுக்கு எந்தச் சைகை சரிப்படும்னு நீயே சொல்லு, இன்னைக்கே மாத்திடறேன்."

"தொப்பையில ரெண்டு தட்டு" என்றேன் உம்மென்று.

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

நான் சந்தோஷப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. யாரைத் தாங்கிப் பிடித்தேனோ அவளுக்கே என் பிப்போ போய்விட்டது! நடைபாதையில் அம்மாவிடம் வந்ததும் வெடித்துவிட்டேன்.

"அவளுக்குக் குடுத்துட்டாங்கம்மா! என் பிப்போவை!"

"நான் கேட்டேனா?" கெய்லாவும் கத்தினாள். "நீயே வெச்சுக்கோ! நான் போய்ச் சொல்லிடறேன்!"

"உன் பிச்சை எனக்கு வேணாம்!"

"எனக்கும் வேணாம் போ!"

அம்மா நடுவில் புகுந்து இரண்டு பேர் வாயையும் பொத்தப் பார்த்தாள். நடக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாடு முடிந்த குழந்தைகள் ஒரு நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். கண்ணாடிப் பையன் கயிற்றை விட்டுவிட்டு நேராக எங்களிடம் வந்தான். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எங்கள் இருவரையும் அண்ணாந்து பார்த்தான். நாங்கள் யாரென்று அவனுக்குத் தெரியவே இல்லை.

"ஷ்ஷ்ஷ்!" என்றான். "இப்படியா கத்தறது? உள்ள டூலா தூங்குது. அதுக்கு உடம்பு சரியில்லை. பிப்போதான் கூட இருந்து பாத்துக்குது."

சொல்லிவிட்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். மண்டபக் கதவைத் தாண்டும்போது அந்த முப்பது பேரும் குதிகாலைத் தூக்கி, நுனிக்காலில் நடந்து போனார்கள்.

கெய்லாவைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ பிப்போவா இரு" என்றேன் ரகசியமாக. "டூலாவை நான் பாத்துக்கறேன்."

"நிஜமாவா?" என்றாள் அவளும் ரகசியமாக.

"சத்தம் போடாதே. தூங்குது."

மூன்று பேரும் காலணிச் சத்தம் கேட்காமல் வாசல் வரை நடந்தோம். கார் கதவைச் சாத்திய பிறகுதான் அம்மா கேட்டாள்:

"இப்ப நான் சிரிக்கலாமா?"