சுத்தம் என்று எழுதிய பெட்டி

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டில் இனிப்பாக ஒரு வாசனை வந்தது. அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தையும் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தையும் ஒன்றாகத் திறந்து வைத்தது போல, மெல்லியதாக, துணி மடித்துக்கொண்டிருந்தவளின் மூக்கைத் தொட்டுவிட்டுப் போனது. குப்பைக்கூடையைப் பார்த்தாள். சமையலறை அலமாரியை மோந்து பார்த்தாள். வாரம் ஆறு நாளும் அந்த வாசனையோடு மாரடிக்கிறவள்தான். ஆய்வுக்கூடத்தில் பேட்டரிக்குள் ஊற்றும் திரவத்தின் வாசனை அது. வீட்டில் வந்ததால் அடையாளம் தெரியவில்லை.

அந்தத் திரவம் சூடேறினால் தீப்பிடிக்கும். பிடிக்காமலிருக்க அதில் சில சொட்டுச் சேர்மானம் கலப்பதுதான் அவளுடைய ஆறு வருட வேலை. ஆய்வுக்கூடத்தில் அதற்கு 'மருந்து' என்று பெயர். ஒப்பிட்டு எரித்துப் பார்க்க, மருந்து கலக்காத பேட்டரிகளும் சில இருக்கும். அவற்றின் பெயர் 'சுத்தம்'.

மருந்து போட்ட பேட்டரி ஒன்றைப் போன மாதம் வீட்டுக்குக் கேட்டு வாங்கி, மின்வெட்டுக்கு உதவட்டும் என்று மகளின் படிப்பு மேசைக்கு அடியில் பொருத்தினாள். கணவன் முகம் சுளித்தபோது, "இதுக்குப் பக்கத்துல படுத்தே தூங்கலாம்" என்று சிரித்தாள். அவ்வளவு மிதப்பு.

போன் அடித்தது. அலுவலகக் கிடங்குக்காரர்.

"மேடம், லீவு நாள்ல தொந்தரவு பண்றேன். எரிச்சுப் பாக்குற பேட்டரில ஒண்ணு குறையுதுன்னு மேனேஜர் கத்துறார்."

"எந்தப் பெட்டி?"

"உங்க கையெழுத்துல 'சுத்தம்'னு எழுதியிருந்துச்சே, அதுல ஒண்ணு. உங்க வீட்டுக்குன்னு சொன்னதும் அதைத்தான் தேடி எடுத்துக் குடுத்தேன். குறையில்லாத சரக்குன்னு நெனச்சேன் மேடம்."

அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவள் ஓடினாள்.

மகளின் அறை உள்ளே தாழிட்டிருந்தது. மதியம் வாங்கிய திட்டுக்குப் பத்து வயது ரோஷம். கதவுக்குப் பின்னால் மெதுவாக, விடாமல், ஏதோ சீறியது. சீறல் தொடங்கியபின் எத்தனை நிமிஷத்தில் தீப்பிடிக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். அறிக்கை எழுதியவளே அவள்தான்.

"கதவத் திற தங்கம். உடனே வெளிய வா."

"முடியாது. நீ மறுபடியும் திட்டுவ."

"திட்டமாட்டேன்மா. சத்தியமா."

தோளால் இடித்தாள். கெட்டிக் கதவு. மறுபடி இடித்தாள்.

உள்ளே 'டப்' என்றது.

கதவின் அடியிலிருந்து வெள்ளையாக ஒன்று தரையோடு ஊர்ந்து வந்து அவள் கால்விரல்களைச் சுற்றியது. பார்க்கப் புகை. ஆனால் அது எரிவாயு மாதிரி. ஒரு பொறி போதும்.

உள்ளே இருமல். ரோஷமெல்லாம் போன குரல்.

"அம்மா, ஒண்ணுமே தெரியல. தாழ்ப்பாள் எங்க இருக்கு?"

"கதவத் தடவிப் பாரு. வேற எதையும்..."

அந்தப் புகை நெஞ்சுக்குள் போனது. மீதி வரவில்லை.

"இரும்மா. லைட்டப் போட்டுட்டு வரேன்."

வேண்டாம் என்று கத்த வாய் திறந்தாள். இருமல்தான் வந்தது.

சின்னப் பாதங்கள். சுவரைத் தடவும் கை.

சொடுக்கு.

கதவிடுக்கில் வெளிச்சம் வந்தது. அறையின் விளக்கு வெள்ளை.

இது மஞ்சள்.